ஒரு மில்லிமீட்டர் கோடு

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் மேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. முப்பத்தோரு வருஷம் நகரமைப்புப் பிரிவில் வரைபடம் வரைந்தவர். எந்தத் தெருவில் வீடு கட்டலாம், எதில் கடை வைக்கலாம், எதில் கிடங்கு மட்டும்தான் என்று ஊரையே பிரித்து வண்ணம் பூசிக் காட்டும் பெரிய படம் ஒன்று சுவரில் தொங்குமே, அது அவர் கையால் வரைந்தது. நான் பக்கத்து மேசை. விதிகளை எதிர்த்து வரும் மனுக்களை வாங்கி, எண் போட்டு, அடுக்கி வைப்பது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அவருக்கு வாயே கிடையாது. அதனால் பதினாறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

அந்தப் படத்தில் பாதிக்கு மேல் மஞ்சள். மஞ்சள் என்றால் ஒரு மனைக்கு ஒரு வீடு. பின்பக்கம் எவ்வளவு இடம் சும்மா கிடந்தாலும் இன்னொரு அடுப்பு எரியக் கூடாது. மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பின்னால் இரண்டு அறை கட்டிக்கொள்கிறேன் என்று வருவார்கள். மாடியைத் தனி வீடாகப் பிரித்துத் தங்கைக்குக் கொடுக்கிறேன் என்று வருவார்கள். அக்கா மேசையில் இருக்கும் படப் பிரதியைத் திருப்பி, அவர்கள் தெருவுக்குக் கீழே ஸ்கேலின் ஓரத்தை வைத்துக் காட்டுவார். "மஞ்சள்ல இருக்குங்க."

"எப்ப மாத்துவாங்கம்மா?"

"சொல்ல முடியாதுங்க."

முகத்தில் அடிப்பதுபோலச் சொல்லமாட்டார். ஆறுதலாகவும் சொல்லமாட்டார். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது இதே பதில். ஒரு நாள் ஒரு கொத்தனார் அதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வேற எதுவும் சொல்லவே தெரியாதாம்மா?" என்று கேட்டார். அக்கா யோசித்துப் பார்த்து, "தெரியலைங்க," என்றார். நான் சிரித்ததில் என் டீ மனுக்கட்டின் மேல் கொட்டிவிட்டது.

ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பாகிப் போன பிறகுதான் மேலே இருப்பவர்களுக்கு விழிப்பு வந்தது. மஞ்சள் பகுதியில் ஒரு மனைக்கு மூன்று வீடு வரை அனுமதிக்கலாம், பின்கட்டு வீடு, மாடி வீடு, சுவரோடு சுவர் ஒட்டிய சின்ன வீடு எல்லாம் கட்டலாம் என்று புதிய விதி எழுதினார்கள். எழுதியது ஆறு மாதம். அதன் மேல் சண்டை போட்டது இரண்டரை வருஷம். நாற்பத்து மூன்று கூட்டம் நடந்தது. நாற்பத்து மூன்றிலும் நான் இருந்தேன், படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவும் இருந்தார்.

மனுக்கள் வந்து குவிந்தன. பக்கத்து வீட்டு மாடி தன் துணிக்கொடியின் வெயிலைத் திருடிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். தெருவின் தரம் போய்விடும் என்று ஒரு சங்கம் அறுநூறு பேரிடம் ஒரே கடிதத்தைக் கொடுத்து அனுப்பச் சொல்லியிருந்தது. அதில் முப்பது பேர் "இங்கே உங்கள் பெயரை எழுதவும்" என்ற வரியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே கையெழுத்து மட்டும் போட்டிருந்தார்கள். அதற்கும் எண் போட்டேன். நாலாயிரத்துச் சொச்சம் மனுவுக்கு எண் போட்டதில் என் கட்டைவிரல் இன்றைக்கும் மழை நாளில் குடைகிறது.

இவ்வளவுக்கும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த விதி வந்தாக வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் அவரைப்போல வேண்டிக்கொண்டவர் யாரும் இல்லை. காரணம் அவருடைய மகள்.

அக்காவின் வீடு, பழைய சாக்கடைக் கால்வாயை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் இருந்தது. வரிசையாகப் பதினோரு வீடு. அக்காவின் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் அவரும், முட்டி தேய்ந்துபோன கணவரும். இன்னொன்றில் கணவரின் அண்ணன், பக்கவாதம் வந்து ஐந்து வருஷமாகப் படுத்த படுக்கை. வீட்டுக்குப் பின்னால் எட்டு மீட்டர் இடம் துணி காயப்போடத்தான் பயன்பட்டது. மகள் இருந்தது ஊரின் மறு கோடியில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், நாலாவது மாடியில் ஒற்றை அறை. கைக்குழந்தை ஒன்று. மூத்தவள் இஸ்திரி மேஜையில் வைத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள், அம்மா இஸ்திரி போட வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பாள். வீட்டுச் சொந்தக்காரர் அந்த அறையும் தனக்கு வேண்டும், பள்ளிக்கூட லீவுக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். மருமகன் குளிர்பதனக் கிடங்கில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். ரயிலில் ஒன்பது மணி நேரம் போக வேண்டிய ஊரில் அவர்கள் கம்பெனி புதுக் கிளை திறக்கிறது, குடியிருக்க வீடும் தருகிறார்கள், போகிறாயா என்று கேட்டிருந்தார்கள்.

"பின்னாடி ரெண்டு ரூம் போட்டுக்கலாம்னா சொல்லும்மா, இவரைப் போகமாட்டேன்னு சொல்லச் சொல்றேன்," என்று மகள் சொல்லியிருந்தாள். அக்காவுக்குப் பகலெல்லாம் அதே நினைப்பு. அந்தப் பிள்ளைகள் கண்ணெதிரே வளர வேண்டும், கணவரின் அண்ணனைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது இன்னொரு கை வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

விதி ஒருவழியாக நிறைவேறியது. இரண்டே ஓட்டு வித்தியாசம். மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அக்கா போனை எடுத்து, "மாப்பிள்ளையைப் போக வேணாம்னு சொல்லு. வந்துடுங்க," என்றார். அவர் குரல் அவ்வளவு சத்தமாக நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார், தனக்கு இரண்டு வாங்கிக்கொண்டார்.

ஆனால் விதி மட்டும் போதாது, படமும் வேண்டும். அக்கா கையால் வரைந்த பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த மனை எந்தப் பகுதி என்று ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வந்த கம்ப்யூட்டர்காரர் ஒருவர், வழுக்கைத் தலை, பொறுமைசாலி, சந்தேகமான இடங்களையெல்லாம் பட்டியல் போட்டுக் கொண்டுவந்தார். அதிகாரி தலைமையில் ஐந்து பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள். குறிப்பெடுத்தது நான்.

பட்டியலில் முப்பத்தெட்டாவது இடம் அக்காவின் தெரு. சொந்த வீடு சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் ஊழியர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதை யாரும் பின்பற்றி நான் பார்த்ததில்லை. அக்கா மட்டும், யாரும் சொல்வதற்கு முன்பே, "எங்க தெரு சார்," என்று எழுந்து வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார். தெரு மஞ்சள்தானே, நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

"சார், இங்க கோடு ரொம்பத் தடியா இருக்கு," என்றார் கம்ப்யூட்டர்காரர். "இந்தப் பக்கம் மஞ்சள், கால்வாய்க்கு அந்தப் பக்கம் கிடங்குப் பகுதி. கோடு இந்தப் பதினோரு மனை மேலயும் படுத்திருக்கு. எதுல சேர்க்கறது?"

"விதி என்ன சொல்லுது?" என்று அதிகாரி என்னைப் பார்த்தார்.

நான்தான் வாசித்தேன். ஒரு மனையில் பாதிக்கு மேல் கோட்டின் அடியில் போயிருந்தால், எந்தப் பக்கம் கட்டுப்பாடு அதிகமோ அந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

"பாதிக்கு மேல போயிருக்கா?"

"பதினெட்டு மீட்டர்ல பத்து மீட்டர் போயிருக்கு சார்."

"அப்ப கிடங்குப் பகுதி. அடுத்தது."

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. கிடங்குப் பகுதியில் இருக்கிற வீடு இருக்கலாம், புதிதாக ஒன்றும் கட்ட முடியாது. அந்தக் கோட்டை வரைந்தவர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்போம் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊர் விஷயத்துக்கெல்லாம் வாயைத் திறக்கிற எனக்கும் தோன்றவில்லை. குறிப்பேட்டில் "முடிந்தது" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன். முடிவை வெளியே சொல்லக் கூடாது என்பதும் விதி, அதை வேறு ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் புதுப் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். தவறு இருந்தால் முப்பது நாளைக்குள் திருத்த மனு போடலாம். அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். அவர் தெரு கிடங்குப் பகுதியின் சாம்பல் நிறத்தில் இருந்தது.

நேராகப் பழைய படங்கள் இருக்கும் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அடியில் கிடந்த சுருளை எடுத்து மேசையில் விரித்து, நாலு மூலையிலும் பஞ்சிங் மெஷினும் டம்ளரும் வைத்து, ஸ்கேலை வைத்து அளந்தார். "ஒரு மில்லிமீட்டர்," என்றார். "பூஜ்யம் புள்ளி மூணுதான் இருக்கணும்."

பேப்பரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் இருபது மீட்டர். கோடு ஓட வேண்டியது அந்த வீடுகளின் பின்மதில் ஓரமாக. மெல்லிய பேனாவால் போட்டிருந்தால் மதிலுக்கு இந்தப் பக்கம் மூன்று மீட்டர் ஏறியிருக்கும், அதைப்பற்றிக் கேட்பாரில்லை. தடித்த பேனா பத்து மீட்டர் ஏறிவிட்டது.

"அன்னைக்கு மெல்லிசு பேனா அடைச்சிக்கிச்சு," என்றார் அக்கா. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் அது. ஸ்டோரில் கேட்டால் இருப்பு இல்லை. கடைசித் தாள், அன்றைக்கே அச்சுக்குப் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து போன், குழந்தைக்கு ஜுரம், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. நகர எல்லை போட வைத்திருந்த தடித்த பேனாவை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு ஓடியிருக்கிறார். அப்போது இரண்டு பக்கத்திலும் புதிதாக எதுவும் கட்ட முடியாது, அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. விதி மாறிய பிறகுதான் அந்தக் கோடு வேலையைக் காட்டியது.

எந்தக் குழந்தைக்காக அவசரமாகக் கோடு போட்டாரோ, அந்தக் குழந்தைதான் இப்போது வீடு இல்லாமல் நிற்கிறாள். இதை அக்கா சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அந்தக் காலத்து அளவுப் புத்தகம் இருந்தால் கோடு எங்கே ஓட வேண்டும் என்று காட்டிவிடலாம். அது கூரை ஒழுகி என்றைக்கோ கூழாகிவிட்டது. இனி ஒரே சாட்சி வரைந்தவர்தான். திருத்த மனுவில் ஏழாவது கட்டம், "பிழைக்குக் காரணமானவர்." அதில் தன் பெயரை எழுதினால் விசாரணை வரும். விசாரணை நடக்கும்போது ஓய்வு பெறுகிறவரின் பென்ஷன் ஃபைல் நகராது. அக்கா ஓய்வு பெற அப்போது ஐந்து மாதம்தான் இருந்தது.

"இத்தனை வருஷம் ஒரு கறை இல்லாம இருந்துட்டு, கடைசியில நீயே போய்த் தலையைக் குடுப்பியா?" என்று கணவர் கேட்டாராம். நானும் சும்மா இருக்கவில்லை. "தெரியலைன்னு எழுதுங்கக்கா. யார் கேக்கப்போறாங்க?" என்றேன்.

"தெரியலைன்னு எழுதினா சாட்சி இல்லைன்னு தள்ளிடுவாங்க. நமக்கு மட்டும் இல்ல, பதினோரு வீடு."

சொன்னாரே தவிர, எழுதவில்லை. படிவம் அவர் மேசை டிராயரில் கிடந்தது. தினமும் காலையில் டிராயரை இழுப்பார், பார்ப்பார், மூடுவார். மகள் போன் செய்தால் "கொஞ்சம் பொறும்மா," என்பார். பக்கத்து வீட்டு நர்ஸம்மா கவுண்டருக்கு வந்து, மகனுக்கு வீடு கட்ட முடியாதாமே என்று அழுதார். அக்கா பழக்கத்தில் ஸ்கேலை எடுத்தார், எடுத்த கையோடு கீழே வைத்துவிட்டார்.

இருபத்தொன்பதாம் நாள் என் மேசைக்கு வந்து மனுவைக் கொடுத்தார். ஏழாவது கட்டத்தில் அவர் பெயர், பதவி, தேதி, "தடித்த பேனா பயன்படுத்தியது என் தவறு" என்று அச்செழுத்து மாதிரி எழுதியிருந்தார். நான் எண் போட்டேன்.

அன்று மாலையே மகள் போனில் கேட்டாள், பக்கத்தில் நின்ற எனக்கே காதில் விழுந்தது. "எத்தனை நாள் ஆகும்மா? கம்பெனியில நாளைக்குப் பதில் சொல்லணும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "சொல்ல முடியாதும்மா."

"ஆபீஸ்ல பேசற மாதிரியே பேசறம்மா," என்றாள் மகள்.

மறுநாள் மருமகன் சரி என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூட லீவு விட்டதும் அவர்கள் போனார்கள். அக்கா ஸ்டேஷனுக்குப் போய்விட்டுப் பத்தரை மணிக்கு அலுவலகம் வந்து, தாமதத்துக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார். அதிகாரி பரவாயில்லை என்றார். "எழுதிக்கிறேன் சார்," என்று எழுதினார்.

விசாரணை என்று ஒன்று நடந்ததே, அதைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. விசாரித்தது மூன்று பேர், குறிப்பெடுத்தது நான். தவறு செய்தேன் என்று ஒருவர் தானாக வந்து நிற்கிறார், அவர்களோ நம்பமாட்டேன் என்கிறார்கள். "கோடு சரியாத்தான் இருந்திருக்கும். உங்க வீட்டுக்கு லாபம்னு இப்பத் தப்புங்கறீங்க, இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். பதினாறு வருஷத்தில் அக்காவின் முகம் சிவந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அப்போதும் "அப்படி இல்ல சார்," என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் காப்பாற்றியது ஸ்டோர்காரர். அவர் எதையும் தூக்கிப் போடமாட்டார், அதற்காகவே நாங்கள் அவரைக் கேலி செய்வோம். நான் போய்க் கெஞ்சினேன். நாலு நாள் தூசியில் புரண்டு, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். அதே தேதி. "மெல்லிய பேனா, முனை அடைப்பு, திருப்பப்பட்டது. இருப்பு இல்லை." கீழே அக்காவின் சின்னக் கையெழுத்து.

மனு கொடுத்த ஏழாவது மாதம் திருத்தம் வந்தது. கோடு மதிலுக்குப் பின்னால் போயிற்று, பதினோரு வீடும் மஞ்சள் ஆயிற்று. அக்காவுக்குக் கண்டிப்புக் கடிதம் ஒன்று. அதற்குள் அவர் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. விசாரணையில் இருப்பவருக்கு வழியனுப்பு விழா வைக்கக் கூடாதாம். ஓய்வு பெற்ற அன்றைக்கு அவர் தன் டம்ளரையும் ஸ்கேலையும் பையில் போட்டுக்கொண்டு, "வரேன்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனார்.

போன வாரம் கவுண்டரில் வரிசை. மூன்றாவது ஆளாக அக்கா நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன், வரவில்லை, முறை வரும்வரை நின்றார். தெருவில் நர்ஸம்மா கடைக்கால் தோண்டிவிட்டதாகச் சொன்னார். மகன் குடும்பம் அடுத்த மாதம் வருகிறதாம். காலையிலிருந்து கம்பி வெட்டுகிற சத்தம், கணவரின் அண்ணன் தூங்க முடியாமல் முனகுகிறார் என்றார்.

பிறகு பின்கட்டு வீட்டுக்கான விண்ணப்பத்தை நீட்டினார். இரண்டு அறை, ஒரு சமையலறை. படம் அவரே வரைந்தது, கோடெல்லாம் முடி மாதிரி மெல்லிசு. ஒரு மூலையில் சின்னதாக ஒரு மேஜைகூடப் போட்டிருந்தார், எங்கள் படங்களில் மேஜையெல்லாம் போடும் வழக்கமே கிடையாது. நான் ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தேன். பன்னிரண்டாவது கட்டம், "குடியிருக்கப்போவது யார்." அதில் மகள், மருமகன், பேத்திகள் இருவர் என்று எழுதியிருந்தார்.

அவர்கள் பெரியவளை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள், அவளுக்குத் தனி மேஜை வந்துவிட்டது என்றெல்லாம் அக்காதான் என்னிடம் போனில் சொல்லியிருந்தார். நான் அந்தக் கட்டத்திலேயே பார்வையை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைத் திருப்பிச் சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

அவர் முப்பத்தோரு வருஷம் சொன்ன பதில் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

"சீக்கிரம் ஆயிடும்க்கா," என்றேன். பன்னிரண்டாவது கட்டம் சரி என்று டிக் போட்டு முத்திரை குத்தினேன்.